காலை ஏழு மணி வெயிலில் ஒரு கதவு

ஆவணி மாதம். முந்தின நாள் சாயங்காலம்தான் நாகர்கோவிலிலிருந்து புது வண்டியைத் தக்கலைக்கு ஓட்டி வந்திருந்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வாசலுக்கு வந்தபோது, அப்பா கட்டன்சாயா டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு வண்டியின் இடது பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தார். தென்னைகளுக்கு நடுவே வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பின்கதவில் கன்னம் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் முன்கதவு. மறுபடியும் பின்கதவு.

“இஞ்ச வா மக்களே. இதுல தெரியுற ஓலையப் பாரு.”

முன்கதவில் தென்னோலையின் ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரங்களில் லேசான நடுக்கம், அவ்வளவுதான். பின்கதவில் அதே ஓலை, கல் எறிந்த குளத்தில் தெரிவதுபோல நெளிந்து உடைந்து கிடந்தது. நிறம் ஒன்றுதான், பளபளப்பும் ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே கை அடித்த பெயிண்ட் இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நேற்று ஷோரூமில் இதே கதவுக்குப் பக்கத்தில் நின்றுதான் சாவி வாங்கினேன், போட்டோ எடுத்துக்கொண்டேன். மேலேயிருந்து வரிசையாக விளக்குகள், வண்டி முழுக்க ரிப்பன், கையில் இனிப்புப் பெட்டி. ஒன்றும் கண்ணில் படவில்லை.

எங்கள் குடும்பத்தில் வாங்கிய முதல் புது வண்டி அது. அதற்கு முன் இருந்தவை எல்லாம் மூன்றாம் கை, நான்காம் கை. அப்பா பெயிண்டர். முப்பத்தைந்து வருஷம் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வொர்க்‌ஷாப்களில் ஸ்பிரே கன் பிடித்தவர். ஊரார் வண்டிகளை எல்லாம் புதுசாக்கிக் கொடுத்தவருக்கு, வயதான காலத்தில் உண்மையிலேயே புதுசாக ஒரு வண்டி வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இந்தக் கதவு விஷயம் என்னை அவ்வளவு தூரம் பாதித்தது. “பெயிண்டுல என்ன இருக்கு, வண்டி ஓடுதுல்லா?” என்று கேட்ட சொந்தக்காரர்கள் பலர். அவர்களுக்கு அன்று சொல்ல முடியாததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா தொழிலுக்கு வந்த காலத்தில் கார் பெயிண்டிங்குக்கு எங்கள் பக்கம் ‘டூக்கோ’ என்றுதான் பெயர். அது 1920களில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த, லாக்கர் என்கிற வகைப் பெயிண்ட் ஒன்றின் பெயர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு காருக்குப் பூசிய வார்னிஷ் காயவே வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. டூக்கோ மணிக்கணக்கில் காய்ந்தது, பல நிறங்களில் கிடைத்தது. பெயர் கடல் தாண்டி வந்து எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒட்டிக்கொண்டது.

ஒரு அம்பாசடருக்கு அப்பா பெயிண்ட் அடிப்பதைச் சின்ன வயதில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். டிங்கரிங் முடிந்த இடத்தில், பள்ளத்தை நிரப்பப் பட்டி என்கிற பசையைப் பூசுவார்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்ப்பார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அதன்மேல் ஓட்டுவார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும் என்பார். லாக்கர் கோட்டு மேல் கோட்டாக ஏறும். காய்ந்ததும் மங்கலாகத்தான் இருக்கும். காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை போட்டு இரண்டு நாள் தேய்த்தால்தான் முகம் தெரியும்.

மழைக்காலம் வந்தால் வேலை பாதி நின்றுவிடும். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, அந்தக் குளிர்ச்சிக்குக் காற்றிலுள்ள ஈரம் பெயிண்டின் மேல் படிகிறது. கறுப்பு வண்டி சாம்பல் பூசினதுபோல ஆகிவிடும். அதனால் ஆனி, ஐப்பசி மாதங்களில் அப்பா வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கன்னை எடுப்பார். வீட்டில் காசு குறைவாகப் புழங்கும் மாதங்களும் அவைதான்.

சரி, கதவுக்கு வருகிறேன்.

புது வண்டியில் பெயிண்ட் மேடுபள்ளமாக இருப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இங்கேதான் வாங்குபவர்கள் பலர் குழம்பிப்போகிறார்கள். எந்தப் புது வண்டியையும் சாய்ந்த வெயிலில் உற்றுப் பார்த்தால், ஆரஞ்சுப் பழத்தின் தோல்போல நுண்ணிய புள்ளிப் புள்ளியான அலை தெரியும். பெயிண்டர்கள் அதை ‘ஆரஞ்சு பீல்’ என்பார்கள். பல லட்சம் கொடுத்து வாங்கும் வண்டியிலும் அது உண்டு.

தொழிற்சாலையில் வண்டியின் இரும்புக் கூட்டை முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, ரசாயனப் பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். அப்புறம் பெரிய தொட்டியில் முழுசாக முக்கி, மின்சாரம் செலுத்திப் பெயிண்டை ஒட்ட வைக்கிறார்கள். ஈ.டி. கோட் என்பது அதுதான். சுமார் 20 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். கை நுழையாத, கன் எட்டாத இடுக்குகளிலும் போய் ஒட்டும். 170, 180 டிகிரி சூட்டில் அதைச் சுட்டு எடுப்பார்கள். அதற்கு மேல் பிரைமர், 30 முதல் 40 மைக்ரான். அதற்கு மேல் நிறம் தருகிற பேஸ் கோட், 15 முதல் 20. கடைசியாகக் கண்ணாடிபோன்ற கிளியர் கோட், 40 முதல் 50. அதைச் சுமார் 140 டிகிரியில் சுடுகிறார்கள். பிரைமரைத் தனியாகச் சுடாமல், ஈரத்தின் மேல் ஈரமாக மூன்றையும் அடித்து ஒரே சூட்டில் முடிக்கும் முறையும் இப்போது உண்டு. எல்லாம் சேர்ந்து 100 முதல் 140 மைக்ரான் வரை வரும். ஜெராக்ஸ் எடுக்கிற ஒரு வெள்ளைத்தாளின் தடிமன் 100 மைக்ரான்தான். ஒரு தாளின் கனத்தில் இருக்கிறது வண்டியின் மொத்த அழகும் காவலும்.

அந்தக் கிளியர் கோட்டை ரோபோ அடிக்கிறது. நிமிஷத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழலும் ஒரு சின்னக் கிண்ணம் பெயிண்டைத் துளித்துளியாகச் சிதறடிக்கும். துளிகள் தகட்டில் விழுந்து ஒன்றோடொன்று கலந்து சமமாகப் படிய வேண்டும். கலப்பதற்குள் இறுகிவிட்டால் துளியின் உருவம் அப்படியே நின்றுவிடும். அதுதான் ஆரஞ்சு பீல். பெயிண்ட் கெட்டியாக இருந்தாலும், சூடு கூடினாலும், துளி பெரிதாக இருந்தாலும் வரும். கொஞ்சம் அதிகமாக அடித்தால் நன்றாகப் பரவுமே என்று தோன்றும். படுத்த தகட்டில் பரவும். ஆனால் கதவு செங்குத்தாக நிற்கிறது. கூட அடித்தால் வழியும். அதனால்தான் ஒரே வண்டியில் பானெட்டும் கூரையும் வழுவழுப்பாகவும் கதவுகள் கொஞ்சம் தோலோடும் இருக்கின்றன. இது குறை அல்ல. கதவைத் திறந்தால் உள்பக்க விளிம்புகள் மங்கலாக இருப்பதும் அப்படித்தான். அங்கே கிளியர் கோட் குறைவாகவே விழும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், தன் புது வண்டி முழுக்க ஆரஞ்சு பீல் என்று கண்டுபிடித்து, அதைத் தேய்த்துச் சமப்படுத்த ஒரு டீடெயிலிங் கடையில் பெரிய தொகை கொடுக்கப் போனார். அப்பா தடுத்துவிட்டார். 2000 நம்பர் பேப்பர் போட்டுத் தேய்த்தால் கண்ணாடிபோல வரும்தான். ஆனால் மேடு கரைந்துதானே பள்ளத்துக்குச் சமமாகிறது? 45 மைக்ரான் கிளியர் கோட்டில் எட்டோ பத்தோ போய்விடும். வெயிலைத் தாங்குவது அந்தப் பூச்சுதான். சித்திரை, வைகாசி வெயிலில் திறந்தவெளியில் நிற்கிற வண்டியில் அதைக் குறைத்துக்கொள்வது அழகுக்காக ஆயுளை விற்பதுதான். செராமிக் கோட்டிங் போட்டால் சமமாகிவிடும் என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு மைக்ரான் அளவுக்குத்தான் படியும். எந்தப் பள்ளத்தையும் நிரப்பாது. பளபளப்பைக் கூட்டி, இருக்கிற அலையை இன்னும் தெளிவாகக் காட்டும்.

அப்பா பார்ப்பது வழுவழுப்பை அல்ல. “ஒண்ணுபோல இருக்கணும்.” இதுதான் அவருடைய கணக்கு. எங்கள் வீட்டிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை பக்கம். சின்ன வயதில் அங்கே கூட்டிப்போய், அந்தக் கறுப்புத் தரையில் என்னை உட்கார வைத்து ஜன்னலின் பிம்பத்தைக் காட்டினார். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டது என்று சொல்வார்கள். மற்றவர்கள் அந்தக் கலவையைப் பற்றிப் பேசிக்கொண்டு நகர்ந்துவிட, அப்பா தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தார். “கண்ணாடி மாதிரி இல்ல கேட்டியா, கொஞ்சம் அலை இருக்கு. ஆனா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வர ஒரே அலை. இதுதான் வேலை.” எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். முப்பது வருஷம் கழித்து என் வண்டியின் கதவில்தான் அந்தப் பேச்சின் அர்த்தம் முழுசாக விளங்கியது. ஒரு கதவு வேறு அலையில் இருந்தால், அதன் கதை வேறு.

நிறத்திலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. சில்வர், கிரே, முத்து வெள்ளை வண்டிகளில் பம்பர் மட்டும் கொஞ்சம் வேறு ஷேடில் தெரியும். அது பிளாஸ்டிக். இரும்புக் கூட்டின் சூட்டில் வைத்தால் உருக்குலைந்துவிடும் என்பதால் தனியாக, 80 டிகிரி போலக் குறைந்த சூட்டில் அடித்துக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். மெட்டாலிக் பெயிண்டில் நுண்ணிய அலுமினியத் தகடுகள் மிதக்கின்றன. அவை எந்தச் சாய்வில் படுத்துக் காய்கின்றனவோ, அதற்குத் தக்கபடி வெளிச்சம் திரும்பும். ஈரமாக அடித்தால் ஒரு சாய்வு, உலர்வாக அடித்தால் இன்னொரு சாய்வு. ஒரே டப்பா பெயிண்டாக இருந்தாலும் நேராக நின்று பார்த்தால் ஒரு நிறம், ஓரமாக நின்று பார்த்தால் வேறு. பம்பர் வித்தியாசத்துக்காக யாரோடும் சண்டை போட வேண்டாம். ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் கேட்க வேண்டும்.

அன்று காலை அப்பா அடுத்துச் செய்ததை நான் மறக்க மாட்டேன். பின்கதவை முழுசாகத் திறந்து, கீல் இருக்கும் இடத்தில் என் செல்போன் டார்ச்சை அடிக்கச் சொன்னார். கதவைக் கூட்டோடு பிடித்து நிற்கும் போல்ட்டுகள். தொழிற்சாலையில் கதவை மாட்டிய பிறகுதான் பெயிண்ட் ஏறுகிறது என்பதால், வழக்கமாகப் போல்ட்டின் தலை மேலும் அதைச் சுற்றியும் ஒரே தோலாகப் பெயிண்ட் மூடியிருக்கும். முன்கதவில் அப்படித்தான் இருந்தது. பின்கதவில் மேல் கீலின் இரண்டு போல்ட்டுகளிலும் அறுகோணத்தின் முனைகளில் பெயிண்ட் உடைந்து, கீழே வெறும் உலோகம் மின்னியது. ஸ்பேனர் பிடித்த அடையாளம்.

“கதவக் கழத்தி மாட்டியிருக்கான்” என்றார் மெதுவாக. கோபமே இல்லை. அப்புறம் கதவின் உள்விளிம்பில் பெருவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினார். ஓரிடத்தில் நகம் லேசாகத் தட்டி நின்றது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். மயிரிழை அளவு ஒரு படி. மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டு, டேப்பை உரித்த இடத்தில் நிற்கும் விளிம்பு அது. ரப்பர் பீடிங்கின் மடிப்பை விலக்கிப் பார்த்தால், அதன் கறுப்பில் வண்டியின் கிரே பெயிண்ட் தூசி படிந்திருந்தது.

அப்பாவிடம் வேலை படித்த அண்ணன் ஒருவர் பார்வதிபுரம் பக்கம் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் பெயிண்டின் கனம் பார்க்கிற கேஜ் உண்டு. உள்ளங்கையில் அடங்குகிற கருவி. தகட்டில் வைத்தால், இரும்புக்கும் அதற்கும் நடுவில் எத்தனை மைக்ரான் இருக்கிறது என்று காட்டும். பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. அது இல்லாத காலத்தில் அப்பா துணி சுற்றிய காந்தத்தைத்தான் வைத்துப் பார்ப்பார். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவும்.

முன்கதவில் மூன்று இடத்தில் வைத்தோம். 112, 108, 115. பானெட் 118. வலது பக்கக் கதவுகள் இரண்டும் 110க்குப் பக்கத்தில். இடது பின்கதவு 236, 251, கைப்பிடிக்குக் கீழே 410. கதவுக்குப் பின்னால் இருக்கும் பக்கவாட்டுத் தகட்டில், கதவை ஒட்டி 168, பின்விளக்கு பக்கம் போகப் போகக் குறைந்து 117. அண்ணன் எண்களை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தார். “ஷேடு தெரியாம இருக்க இந்தப் பக்கம் வர ஊதி விட்டிருக்காங்க அண்ணாச்சி” என்று அப்பாவிடம் சொன்னார். 410 இருந்த இடத்தில் பட்டி. அங்கே ஒரு அடி விழுந்திருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கேஜில் எண் கூடினாலே ஷோரூமில் அடித்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. தொழிற்சாலையிலேயே குறை தெரிந்து மறுபடியும் பெயிண்ட் வரிசையில் விட்ட வண்டியும் இரட்டைக் கனத்தோடு வரலாம். அப்படி வந்தால் அதுவும் அதே சூட்டில் சுட்டதுதான், ஆயுளுக்குக் குறைவில்லை. ஆனால் அப்படி வந்த வண்டியில் பெரும்பாலும் போல்ட் திருகியிருக்காது, டேப் விளிம்பு இருக்காது, பட்டி இருக்கவே இருக்காது. எண்ணையும் அடையாளத்தையும் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும். அப்பா அந்த நியாயத்தை விடவில்லை. போல்ட்டைப் பார்க்கும் வரைக்கும் “பாப்பம், பாப்பம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷோரூமில் முதல் நாள், “பேக்டரியில இருந்தே அப்படித்தான் மேடம் வரும்” என்றார்கள். இரண்டாம் நாள் மேனேஜர் வந்து பார்த்து, வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்றார். அப்பா அவரிடம் ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. கதவைத் திறந்து போல்ட்டைக் காட்டினார். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். மூன்றாம் நாள் உண்மை வந்தது. சென்னைப் பக்கமிருந்து சுமார் 700 கிலோமீட்டர் டிரெய்லரில் வந்த வண்டி, இங்கே வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் நகர்த்தும்போது இன்னொரு வண்டியில் உரசிக் கதவு ஒடுங்கியிருக்கிறது. தங்கள் பாடி ஷாப்பிலேயே எடுத்துச் சரிசெய்து, பாலிஷ் போட்டு நிறுத்திவிட்டார்கள். “சின்ன விஷயம்தான் மேடம், அதான் சொல்லல.”

சொல்லவில்லை என்பதுதான் பெரிய விஷயம். அடிபடுவது யார் கையிலும் நடக்கும். அப்பா முப்பத்தைந்து வருஷம் அடிபட்ட வண்டிகளைத்தான் பார்த்தார், ஒருவரையும் அதற்காகக் குறை சொன்னதில்லை. ஆனால் வேலை செய்த இடத்தை மறைத்து ஒரு வண்டியைக்கூட அவர் விற்கவிட்டதில்லை. பழைய வண்டி வாங்க வருகிறவர்களிடம், “இந்தப் பெண்டர் நான் செஞ்சது” என்று காட்டித்தான் பேசுவார்.

“அழகு கொஞ்சம் குறைஞ்சா என்ன?” என்று கேட்பவர்கள், எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்பதை மறந்து பேசுகிறார்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் என்று மாவட்டத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கடல். உப்புக் காற்று பெயிண்டை நேராக ஒன்றும் செய்யாது. எங்கே பெயிண்ட் திறந்திருக்கிறதோ அந்த வழியாக உள்ளே போகும். ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு ஊதி மேல்பெயிண்டைத் தூக்கும், தூக்கிய இடத்தில் மேலும் ஈரம் போகும். கடலோரத்திலிருந்து வரும் வண்டிகளில் வீல் ஆர்ச் விளிம்பில் கொப்புளம்போலக் கிளம்பி நிற்பதை அப்பா எத்தனையோ தடவை எனக்குக் காட்டியிருக்கிறார். அதை விரலால் அமுக்கினால் சிவந்த தூள் கொட்டும்.

கதவில் ஒடுக்கெடுத்துப் பட்டி போட வேண்டுமானால் முதலில் வெறும் இரும்பு வரைக்கும் தேய்க்க வேண்டும். தொட்டியில் முக்கி, மின்சாரம் கொடுத்து, 180 டிகிரியில் சுட்ட அந்த முதல் பூச்சு அங்கே போய்விடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்த ஊர்ப் பட்டறையாலும் முடியாது. நல்ல எபாக்ஸி பிரைமர் போடலாம், கவனமாகச் செய்யலாம், அப்பாவைப் போன்றவர்கள் செய்தால் பத்து வருஷம்கூட நிற்கலாம். ஆனாலும் அது வேறு. முழு வண்டியையும் பூட்டிய பிறகு 140 டிகிரியில் வைக்க முடியாது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயரும் போய்விடும். அதனால்தான் வெளியே பெயிண்ட் அடிக்கும் பூத்தில் 60 டிகிரியில், இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த பெயிண்டைச் சுடுகிறார்கள்.

அந்த ஹார்ட்னர் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். லாக்கர் போய் அது வந்த புதிதில் அப்பாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. காற்றுக்குழாய் வைத்த முகமூடி போட வேண்டிய வேலைக்கு, மூக்கைச் சுற்றி ஒரு ஈரத் துண்டு கட்டிக்கொண்டு நின்றார். இன்று மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். நம் வண்டிகளின் பளபளப்புக்குப் பின்னால் இப்படிப் பல பேருடைய நெஞ்சு இருக்கிறது. இன்றைக்கும் ஒரு பட்டறையில் வெறும் துணியோடு ஸ்பிரே அடிக்கும் பையனைப் பார்த்தால், அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்ப் பேசிவிட்டுத்தான் வருவார்.

ஷோரூம்காரர்கள் கடைசியில் கதவை மறுபடியும் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அப்பா வேண்டாம் என்றார். மறுபடியும் தேய்க்க வேண்டும், மறுபடியும் டேப் ஒட்ட வேண்டும், ஷேடு சேர்க்க முன்கதவு வரைக்கும் ஊத வேண்டும். நல்லாயிருக்கும் முன்கதவையும் கெடுத்துக்கொள்வதில் என்ன லாபம்? வண்டியை மாற்றிக் கேட்டோம். பதிவெண் விழுந்துவிட்டது, முடியாது என்றார்கள். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு வருஷத்துக்குள் அங்கே போகலாம். 50 லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கிய பொருள் மாவட்ட ஆணையத்திலேயே வரும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கும் சொல்லலாம். நான் மனுவுக்கு வேண்டிய தாள்களை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். வழக்கு வேண்டாம், எழுத்தில் வாங்கு என்றார் அப்பா. எந்தத் தகட்டில் என்ன வேலை செய்தோம், எப்போது செய்தோம் என்பதை லெட்டர்பேடில் எழுதி, அந்தக் கதவின் பெயிண்டுக்குத் தனியாக உத்தரவாதம் கொடுத்து, ஒரு தொகையும் திருப்பித் தந்தார்கள். அந்தக் கடிதம் ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கிறது. நாளைக்கு நான் வண்டியை விற்றால், வாங்குகிறவர் கையில் அதைக் கொடுப்பேன். ஆனாலும் தினமும் காலையில் அந்தக் கதவைத் தாண்டிப் போகும்போது எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெளியே வெயிலில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இப்போது எங்கள் தெருவிலோ பள்ளிக்கூடத்திலோ யாராவது வண்டி எடுக்கப் போகிறார்கள் என்றால் நானே போய்ச் சொல்கிறேன். பதிவெண் விழுவதற்கு முன்னால் யார்டிலேயே போய்ப் பாருங்கள். ராகுகாலம், எமகண்டம் பார்ப்பதுபோல வெயிலையும் பாருங்கள். காலை எட்டுக்குள், இல்லையென்றால் சாயங்காலம் நாலரைக்குப் பிறகு. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. கழுவ வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மண் ஒட்டிய துணியால் துடைத்துப் புது வண்டி முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல் போட்டுத் தருவது அந்தக் கழுவலில்தான். எல்லாக் கதவையும் திறந்து போல்ட்டைப் பாருங்கள்.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் குளச்சல்காரி ஒருத்தி வண்டி எடுத்தாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு காலை ஏழரைக்கே யார்டுக்குப் போய்விட்டோம். முந்தின ராத்திரி சாரல் பெய்து நின்றிருந்தது. வண்டி மேல் இன்னும் தண்ணீர் முத்து. துடைக்க வந்த பையனை, “காயட்டும் மக்கா” என்று அப்பா நிறுத்தினார். யார்டுக்கு மேலே இ.பி. கம்பி மூன்று போகிறது. அதன் பிம்பம் வண்டியின் பக்கவாட்டில் நீளமாக விழுந்திருந்தது. அப்பாவுக்கு இப்போது இடது கண்ணில் புரை. என்னைத்தான் குனிந்து பார்க்கச் சொன்னார்.

முன்பக்கப் பெண்டரிலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். கம்பி நேர்கோடாக இல்லை. சின்னச் சின்ன அலை, ஆரஞ்சு பீல். முன்கதவிலும் அந்த அலைதான். பின்கதவிலும், பின்விளக்கு வரைக்கும் அதேதான். மறுபக்கமும் போய்ப் பார்த்தேன். நாலு கதவையும் திறந்து கீல்களைப் பார்த்தேன். போல்ட்டுகளின் மேல் பெயிண்ட் தோல் உடையாமல் இருந்தது.

“கம்பி எப்படி இருக்கு?”

“கொஞ்சம் நெளிவு இருக்குப்பா.”

“ஒண்ணுபோல நெளியுதா?”

“ஆமாப்பா. எல்லாப் பக்கமும்.”

அப்பா குளச்சல்காரியைப் பார்த்துத் தலையாட்டினார். “கொள்ளாம். எடுத்துக்கோ.”